எங்கிட்ட யாருக்கும் பயம் கிடையாதுங்க

ஏனுங்க தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. கோபியில பஸ் ஏறுனதுல இருந்து நீங்க போன்ல பேசிட்டு வந்தது காதுல விழுந்துக்கிட்டே இருந்துது. கம்பெனி கம்பெனியாப் போயி வகுப்பு எடுக்கறவருங்களா நீங்க? வேலை செய்யறவங்க மேல இருக்கறவங்ககிட்டப் பயமில்லாமப் பேசோணும், அப்படிப் பேசுனாத்தான் கம்பெனி உருப்படும்னு சொல்லிக் குடுக்கறீங்களாக்கும். நல்ல தொழிலுங்க. நானெல்லாம் வாயை மூடிட்டு வேலை செய்யறதுக்குத்தான் ஆளுகளுக்குச் சம்பளம் குடுத்துப் பழக்கம். வாயைத் தொறக்கறதுக்கும் சம்பளம் குடுக்கற காலம் வந்துருச்சு.

கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நேரங் கெடக்குது. போனைப் பைக்குள்ள வைங்க. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்.

நான் நாச்சிமுத்துங்க. கல்யாண சமையல் காண்ட்ராக்ட். கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் போயி நாச்சிமுத்து சமையல்னு சொன்னாப் போதும், கேட்டவனுக்கு வாய் ஊறும். எல்லாம் இந்த நாக்குங்க. அண்டாவுல இருந்து ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தா, உப்பு எவ்வளவு வேணும், புளி எவ்வளவு வேணும்னு சொல்லிருவேன். ரெண்டாந்தரம் பாக்கற பேச்சே கெடையாது.

ஆளுகளும் அப்படித்தான். எங்கிட்ட யாருக்கும் பயம் கிடையாதுங்க. நான் சமையல்கட்டுக்குள்ள கால் வெச்சா கரண்டிச் சத்தம்கூடக் கேக்காது, அது மரியாதை. ஒருக்கா என்னைக் கேக்காம ரசத்துல பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்திட்டான் ஒருத்தன். நான் ஒண்ணும் திட்டலீங்க. அண்டாவை அப்படியே கவுத்து விட்டுட்டு, மறுபடியும் வைய்யின்னேன். அவன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. கண்ணுல தண்ணி வந்துது. வெங்காயம் நறுக்கற எடம் பக்கத்துலதானே இருந்துது.

குப்புராசுன்னு ஒரு மாஸ்டர். எங்கிட்டயே தொழில் பழகி எங்கிட்டயே தலை நரைச்சவன். நான் என்ன சொன்னாலும் "சரிங்கய்யா." அதுக்கு மேல அவன் வாயில இருந்து ஒரு சொல்லை நான் கேட்டது கெடையாது. அப்படி ஒரு ஒத்துமைங்க எங்களுக்குள்ள.

போன ஆடியில எனக்கு ஒரு காய்ச்சல் வந்துது. கொஞ்சம் மோசமான காய்ச்சல். ஆடியில கல்யாணம் கெடையாதே, அதனால தொழிலுக்குக் கெடுதல் இல்லை. படுத்தேன், எந்திரிச்சேன், ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வேலைக்குப் போயிட்டேன். கால்ல மட்டும் கொஞ்சம் பலமில்லை. சமையல்கட்டு வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். அது பரவாயில்லீங்க. அப்பத்தான் இந்த உப்புக் கம்பெனிக்காரனுக கலப்படம் பண்ண ஆரம்பிச்சானுக. முன்னெல்லாம் ரெண்டு கை அள்ளிப் போட்டா ருசி நிக்கற சாம்பாரு, அஞ்சு கை போட்டாலும் வெறும் தண்ணியாட்டம் இருக்குது. நானும் போட்டேன்.

கல்யாணப் பொண்ணோட தாய்மாமன் வந்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே"ன்னாரு. "உங்களுக்கு பிரஷருங்களா?"ன்னு கேட்டேன். ஆமான்னாரு. "பிரஷர் இருக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும், டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

இதை வீட்டுல சிரிச்சுட்டே சொன்னேனுங்க. அங்கதான் வெனை. எனக்கு ஒரு மருமக, பேரு வினோதினி. கோயமுத்தூர்ல ஐ.டி. கம்பெனியில மனுசங்களைப் பாத்துக்கற வேலை. மத்தவங்கெல்லாம் கம்ப்யூட்டரைப் பாக்கறாங்க, இந்தப் புள்ளை அந்த மனுசங்களைப் பாக்குது. அது கேட்டுது, "மாமா, உப்பு அதிகமா இருந்திருந்தா உங்க ஆளுங்க பந்திக்கு முன்னாடியே சொல்லியிருக்கணுமே. ஏன் சொல்லலை?"

"அதிகமா இல்லை, அதனால சொல்லலை"ன்னேன்.

"இல்லைன்னா சொல்லப் பயமா இருந்திருக்கும்"னுது. அப்புறம் உங்களை மாதிரியே ஒரு வகுப்பு எடுத்துது. தப்பைச் சொன்னா மானம் போகாது, வேலை போகாதுன்னு ஆளுகளுக்கு நம்பிக்கை வரோணுமாம். அது இல்லாத எடத்துல எல்லாரும் தலையாட்டிட்டே குழியில விழுவாங்களாம்.

நான் எதையும் வேண்டாம்னு சொல்றவன் இல்லீங்க. புரட்டாசியில முகூர்த்தம் இல்லை, ஆளுக சும்மாத்தான் இருந்தாங்க. பாத்திர குடோன்ல எல்லாரையும் கூட்டி உக்கார வெச்சு, டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டு எந்திரிச்சுச் சொன்னேன். "இன்னையில இருந்து யாரும் எங்கிட்டப் பயப்படக் கூடாது. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லோணும். எவனாவது பயந்தான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிரும்." இதை விடத் தெளிவா யாராவது சொல்ல முடியுங்களா?

வினோதினி ஒரு ஓரமா உக்காந்து நெத்தியப் புடிச்சுட்டு இருந்துது. வெயில் தலைவலியா இருக்கும்.

அப்பத்தான் பாவாயி எந்திரிச்சா. காய் நறுக்கற பொம்பளைங்க. புருசன் இல்லை, ரெண்டு புள்ளைகளைப் படிக்க வெச்சுட்டு இருந்தா. முந்தானையை இழுத்துச் சொருகிட்டு, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. காய்ச்சலுக்கு அப்புறம் உங்களுக்கு நாக்குல ருசி தெரியறதில்லைன்னு நெனைக்கறேனுங்க. உப்பு கரிக்குதுங்க. எங்க பெரியப்பனுக்கும் இப்படி ஆச்சு. டாக்டர்கிட்டக் காட்டுனா நல்லா இருக்குமுங்க"ன்னா.

நாக்கு. எனக்கு. யாருகிட்டச் சொல்றா பாருங்க.

ஆனா நான் கோவப்படவே இல்லீங்க தம்பி. அங்க இருந்தவங்களை நீங்க கேக்கலாம். சிரிச்சேன். எல்லாரையும் கை தட்டச் சொன்னேன், நானும் தட்டுனேன். "இப்படித்தான் பேசோணும், பாவாயியப் பாத்துக் கத்துக்கங்க"ன்னேன். அடுத்த வேலையில இருந்து அவளைப் பாத்திரம் கழுவற பக்கம் மாத்தினேன். தண்டனையெல்லாம் இல்லீங்க. காய் நறுக்கற எடத்துல இருந்து பாத்தா அண்டா தெரியுது. அண்டா தெரிஞ்சா வேண்டாத நெனைப்பெல்லாம் வரும். பாத்திரம் கழுவற எடம் பொறத்தால, காத்தோட்டமா இருக்கும். அவளோட நல்லதுக்குத்தான்.

வினோதினிக்கு அது பொறுக்கலை. "மாமா, இது தண்டனைதான். இனிமே யாரும் வாய் தொறக்க மாட்டாங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. பாத்தீங்களா, எங்க வீட்டுல எவ்வளவு சுதந்திரமாப் பேசறாங்கன்னு. பேசிட்டு அந்த மாசமே பையனும் அதும் கோயமுத்தூர்ல தனி வீடு பாத்துட்டுப் போயிட்டாங்க. ஆபீஸ் பக்கமுங்கறதுனால.

நான் அந்தத் திட்டத்தைக் கைவிடலீங்க. எடுத்த காரியத்தை முடிக்கோணும். ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் எல்லாரையும் நிக்க வெச்சு, ஆளுக்கொரு குறை சொல்லுங்கன்னேன். ஒருத்தன் குடோன்ல பல்பு மங்கலா இருக்குதுன்னான். மாத்திக் குடுத்தேன். இன்னொருத்தன் கேஸ் வண்டி லேட்டா வருதுன்னான். குப்புராசு மட்டும் தரையப் பாத்துட்டே, "ஐயா ஒடம்பப் பாத்துக்காம உழைக்கறதுதானுங்க குறை"ன்னான். எனக்கே சங்கடமாப் போச்சு. இத்தனை பாசத்தை மனசுல வெச்சுட்டு இருந்திருக்கான், நான் கேட்டதுனாலதானே வெளிய வந்துது.

அதுக்கப்புறம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் ஒரு புகார் கெடையாது. நான் பாட்டுக்கு வாசல்ல நாற்காலியில உக்காந்திருப்பேன். குப்புராசு மொத அண்டாவை எம்முன்னால கொண்டாந்து எறக்குவான். நான் ருசி பாப்பேன், உப்பைப் போடுவேன், "மீதி அண்டாவுக்கெல்லாம் இதே அளவு போடு"ம்பேன். "சரிங்கய்யா"ம்பான். ஜனங்க ரெண்டாந்தரம் மூணாந்தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்புட்டாங்க. வினோதினிக்குப் போன் போட்டேன். "நீ சொன்ன வைத்தியம் பலிச்சுருச்சு சாமி, எல்லாரும் பேசறாங்க, சமையலும் நல்லா எடுபடுது"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் சரியில்லையாட்ட இருக்குது.

தை மாசம் பெருந்துறையில ஒரு கல்யாணம். எப்பவும் போல உப்புப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் காரு ஒண்ணு முன்வாசல்ல வழியடைச்சு நின்னுட்டதுனால, கை கழுவறதுக்குப் பொறத்தாலே சுத்திப் போனேன். அங்க தகர மறைப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறேன், வரிசையா அண்டாவுக. பரிமாறப் போற வாளியெல்லாம் அதுல இருந்து ரொம்பிட்டு இருக்குது. நான் உப்புப் போட்ட அண்டா ஒரு மூலையில தனியா கெடக்குது. பாவாயி அதைச் சாய்ச்சுச் சாக்கடையில ஊத்திட்டு இருக்கறா.

என்னைப் பாத்ததும் எல்லாம் அப்படியே நின்னு போச்சு. எண்ணெய்ச் சட்டியில போட்ட வடை மட்டும் சடசடன்னுது.

"குப்புராசு, இது எத்தனை நாளா?"ன்னேன்.

தலையக் குனிஞ்சுட்டே, "ஐப்பசியில இருந்துங்கய்யா"ன்னான்.

"எனக்குன்னு ஒரு அண்டா. ஊருக்குன்னு வேற அண்டா."

"ஊருக்குள்ள உங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னு பண்ணுனோமுங்க. எல்லாருமாப் பேசித்தான்."

"எல்லாருமாப் பேசி. எங்கிட்ட மட்டும் ஏண்டா சொல்லலை?"

அந்தப் பாவாயிதான் கையத் தொடைச்சுட்டு எந்திரிச்சு, "நான் சொன்னேனுங்களேய்யா"ன்னா.

இதுதானுங்க எனக்குப் புடிக்காத விசயம். ஒருக்காச் சொன்னாளாம். ஒரு விசயத்தைச் சொன்னா, எதுத்தாப்புல இருக்கறவன் ஏத்துக்கற வரைக்கும் சொல்லோணும். கை தட்டுனதை வாங்கிட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா முடிஞ்சுருச்சா?

நான் சத்தம் போடலீங்க. மெதுவாத்தான் சொன்னேன். "பந்தி முடிஞ்சதும் எல்லாரும் போயிருங்க. நாளைக்கு யாரும் குடோன் பக்கம் வரக் கூடாது." யாராவது ஒருத்தன் இருக்கறேன்னு சொல்லுவான், கால்ல விழுவான்னு பாத்தேன். குப்புராசு மட்டும் என்ற நாற்காலி வரைக்கும் வந்தான். என்னவோ சொல்ல வந்தான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். "சரிங்கய்யா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அத்தனை வருசம் ஒண்ணா இருந்தவன், சண்டை போடக்கூடத் துப்பில்லை.

மாசியில பெரிய வேலை ஒண்ணு ஒத்துக்கிட்டு இருந்தேன். அரிசி ஆலைக்காரர் முருகேசக் கவுண்டர் வீட்டுக் கல்யாணம். அவங்க வீட்டு விசேசம் எல்லாத்துக்கும் நான்தான். புது ஆளுகளைச் சேலத்துப் பக்கம் இருந்து கூட்டிட்டு வந்தேன். நல்ல ஆளுக. சொன்னதைச் செஞ்சாங்க. இந்தத் தடவை நாற்காலி எல்லாம் இல்லை, கால் வலியோட ஒவ்வொரு அண்டாவா நானே நின்னு, நானே ருசி பாத்து, என்ற கையாலயே உப்புப் போட்டேன். சாம்பாரு, ரசம், கூட்டு, பொரியல், எல்லாத்துக்கும். புது மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சான். என்ற மூஞ்சியப் பாத்தான். கரண்டியக் கீழ வெச்சுட்டான். நல்லா இருந்திருக்கும்னு நெனைச்சேன்.

மொதப் பந்தி உக்காந்துது. தண்ணி தண்ணிங்கற சத்தந்தான் கேட்டுது. மோரு கொண்டான்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. இலை அப்படியே இருக்குது, போட்ட சோறு போட்டபடி.

கவுண்டரு உள்ள வந்தாரு. ஒரு டம்ளர்ல சாம்பார் இருந்துது. திட்டப் போறாருன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நானும் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். "நாச்சிமுத்தண்ணா, இதை நீங்க ஒருக்காக் குடிச்சுப் பாருங்க"ன்னு நீட்டுனாரு. வாங்கிக் கடகடன்னு முழுசாக் குடிச்சேன். ஒரு சொட்டு மிச்சம் வெக்கலை. "நல்லாத்தானுங்களே இருக்குது. வேணும்னா இன்னும் ஒரு கை உப்புப் போடலாம்"ன்னேன்.

அவரு டம்ளரை வாங்கிக் கீழ வெச்சாரு. அப்புறம் தோள்ல கை வெச்சு, "அண்ணா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்வி எனக்குப் புடிக்கலீங்க. பொண்ணைக் கட்டிக் குடுக்கற அன்னைக்கு, சோறு கெட்டுப் போச்சுன்னு நிக்கற மனுசன், சமையக்காரனப் பாத்து அப்படியா கேப்பான்? ஓட்டல்ல இருந்து சோறு வரவழைச்சு ரெண்டாம் பந்தி போட்டாங்க. புது மாஸ்டரைப் புடிச்சு, "ஏண்டா, வாயில வெச்சுப் பாத்தீல்ல, சொல்ல மாட்டயா?"ன்னேன். "நீங்க சொல்றதைச் செய்யறதுக்குத்தானுங்க கூட்டிட்டு வந்தீங்க"ன்னான். குப்புராசுதான் அவனுக்கு ஏதோ சொல்லிக் குடுத்து இந்தச் சதியப் பண்ணிட்டான்னு எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு. அவனுக ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லைங்கறாங்க. அதுதான் சதி.

வைகாசிக்கு ஒத்துக்கிட்டு இருந்த வேலையெல்லாம் ஒவ்வொண்ணாக் கையை விட்டுப் போச்சு. வீட்டுல சும்மா உக்காந்திருந்தா எனக்கு ஆகாது. சம்பூரணத்தை, எம்பொண்டாட்டிங்க, அடுப்பங்கரைய விட்டு எந்திரிக்கச் சொல்லிட்டு நானே சமைக்க ஆரம்பிச்சேன். அவளுக்கு எங்கிட்ட என்ன பயம், கட்டுன நாள்ல இருந்து ஒரு குறை சொன்னதில்லை. கொஞ்ச நாளா சோத்தை முழுங்கறதும் சொம்புத் தண்ணியக் குடிக்கறதுமா இருக்கறா. சூட்டு ஒடம்பு அவளுக்கு. ஒரு நாளு குழம்புக்கு உப்பு அள்ளப் போறேன், வந்து என்ற கையப் புடிச்சுட்டா. விடவே இல்லை. என்னடின்னா அழுகறா. மாமியாக்காரி சாவுக்கே அழுகாதவ. உப்பைத் தொட்டதுக்கு அழுகறா.

அவதான் வினோதினிக்குப் போன் பண்ணியிருக்கோணும். அந்தப் புள்ளை இன்னைக்கு யாரோ மூக்குத் தொண்டை டாக்டருகிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்குது. அங்கதான் போயிட்டிருக்கறேன். மூக்கும் தொண்டையும் நல்லாத்தான் இருக்குதுங்க. நாக்கு நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டா இவங்க வாயெல்லாம் அடைபடுமில்ல, அதுக்கோசரம் போறேன்.

போன வாரம் சத்தியில ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சமையல் யாருன்னு பாத்தா குப்புராசு. எல்லாரும் சேந்து சொந்தமா எடுத்து நடத்தறாங்களாம். நான் சும்மா அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன். சமையல்கட்டா அது, சந்தைக்கடை. ஆளாளுக்குப் பேசறான், சிரிக்கறான். பாவாயி ரசத்தைக் கையில ஊத்திக் குடிச்சுப் பாத்துட்டு, அத்தனை பேரு முன்னால, "மாஸ்டரு, புளி ஏறிப் போச்சுங்க"ங்கறா. அவனும் குடிச்சுப் பாத்துட்டு, "அட ஆமா பாவாயி, நாந்தான் பராக்குப் பாத்துட்டு ஊத்திட்டேன்"னு சொல்லிட்டுப் பருப்புத் தண்ணியச் சேக்கறான். ஒரு மாஸ்டரு ஒத்துக்கற பேச்சா அது? நாளைக்கு எவன் மதிப்பான்?

பந்தியில உக்காந்தேன். போட்டாங்க. சாம்பாரு, ரசம், கூட்டு, எதை எடுத்து வாயில வெச்சாலும் ஒரே மாதிரி இருந்துது. தவுட்டைத் திங்கற மாதிரி. பக்கத்து இலைக்காரன் என்னடான்னா ரசத்தைக் கையில வாங்கி வாங்கிக் குடிக்கறான். எதுத்த வரிசையில ஒரு அம்மா கூட்டு இன்னொருக்காக் கேக்குது. பாவம், நல்ல சோறு தின்னு பழக்கமில்லாத ஜனங்க.

பாவாயி நேரா என்ற இலைக்கு முன்னால வந்து நின்னா. கண்ணு தரையப் பாக்கலை, என்னையத்தான் பாத்துது. "ஐயா, உப்பு சரியா இருக்குதுங்களா?"ன்னு கேட்டா. கொஞ்ச தூரத்துல குப்புராசு வாளியோட நிக்கறான், அவனும் பாக்கறான்.

"சரியா இருக்குது பாவாயி"ன்னேன்.

அவ போகலை. குனிஞ்சு, அடுத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி, "எங்ககிட்டச் சொல்லலாமுங்கய்யா. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோமுங்க"ன்னா.

நான் என்னத்தச் சொல்றது? உள்ளதைச் சொல்லியிருந்தா அவங்க தாங்கியிருப்பாங்களா? அன்னைக்குத்தான் அத்தனை சந்தோசமா இருந்தாங்க. எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டாங்க தம்பி, உண்மையச் சொன்னா ஏத்துக்கற மனசு எல்லாருக்கும் வராது. வகுப்பு எடுக்கறப்ப இதையும் கொஞ்சம் சேத்துச் சொல்லுங்க.

"எல்லாம் அளவா இருக்குது, பாயசம் மட்டும் இன்னொரு டம்ளர் கொண்டா"ன்னேன். குப்புராசே கொண்டாந்து குடுத்தான். பக்கத்துல நின்னு, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தான். முழுசாக் குடிச்சேன்.

இனிப்பா இருந்துதான்னு மட்டும் கேக்காதீங்க.